தோட்டத்துக்குள் வந்த நகரம்

கோல சிலாங்கூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது மின்மினிப் பூச்சிதான். கம்போங் குவாந்தானில் இருட்டியதும் படகேறுவார்கள். புக்கிட் மெலாவாத்தியில் 1907ஆம் ஆண்டு கலங்கரை விளக்கத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பாசிர் பெனாம்பாங்கில் நண்டும் மீனும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். நல்ல சுற்றுலாதான், நானும் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் இந்த மாவட்டத்துத் தமிழர்களின் கதை ஆற்று முகத்துவாரத்தில் கிடைக்காது. அசாம் ஜாவாவில் உள்பக்கம் திரும்பி ஈஜோக், புக்கிட் படோங், பெஸ்தாரி ஜெயா என்று போகிற சாலைகளின் இருபுறமும் அது இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், இருந்தது.

அந்தச் சாலைகளில் இன்று காரோட்டினால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை காட்சி மாறும். கொஞ்ச தூரம் செம்பனை. திடீரென்று பெரிய வளைவும் காவலர் கூண்டும், உள்ளே வரிசை வரிசையாக இரட்டை மாடி வீடுகள். மறுபடி செம்பனை. நடுவில் ஓர் அம்மன் கோயில் கோபுரம், சுற்றிலும் ஒரு வீடுகூட இல்லாமல். தள்ளி ஒரு தமிழ்ப்பள்ளி. பெயரில் ‘லாடாங்’ இருக்கும், ஆனால் அந்தத் தோட்டம் இருக்காது.

நான் பெஸ்தாரி ஜெயாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் பிறந்தவன். ஊருக்கு அப்போது பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். 2007இல்தான் பெஸ்தாரி ஜெயா ஆனது. பழைய மலாய்ப் பெயருக்கு ‘தொங்கும் கட்டை’ என்கிற மாதிரி ஒரு பொருள் வரும். அதைக் கேட்டுக் கோலாலம்பூர்க்காரர்கள் சிரித்த சிரிப்புக்கு அந்தப் பெயர் மாற்றம் முற்றுப்புள்ளி வைத்தது. இப்போது நான் இருப்பது புஞ்சாக் ஆலாமில், முப்பது ஆண்டுக் கடனில் வாங்கிய ஒரு தாமான் வீட்டில். பிறந்த இடத்துக்கும் வாழும் இடத்துக்கும் அரை மணி நேர ஓட்டம்தான். அந்த அரை மணி நேரத் தூரத்தைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு இருபது ஆண்டுகள் ஆயின. வழியில் ஒரு அடுக்குமாடி வீடும் இருந்தது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நகரம் எப்படி வளர்கிறது என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1925இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எர்னஸ்ட் பர்ஜஸ் தன் ஊரை ஆராய்ந்து, நகரம் மையத்திலிருந்து வளையம் வளையமாக விரிகிறது என்றார். ஏழைகளும் புதிதாக வந்தவர்களும் மையத்தை ஒட்டிய நெரிசலில் தங்குவார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் வெளி வளையத்துக்குப் போவார்கள். எங்கள் கதை இதற்கு நேர் எதிர். நாங்கள் முதலிலேயே வெளி வளையத்தில்தான் இருந்தோம். நகரம்தான் எங்களைத் தேடி வந்தது. அது வந்ததும், நாங்கள் உள்ளே தள்ளப்பட்டோம்.

தென்கிழக்காசிய நகரங்களை ஆராய்ந்த டெரி மெக்கீ இதைக் கொஞ்சம் நெருங்கி வந்தார். கிராமமும் நகரமும் கலந்து கிடக்கிற இந்த மாதிரி நிலப்பரப்புக்கு அவர் வைத்த பெயர் ‘டேசாகோத்தா’. டேசா என்றால் கிராமம், கோத்தா என்றால் நகரம். வயலுக்குப் பக்கத்தில் தொழிற்சாலை, கம்பத்துக்குப் பின்னால் நெடுஞ்சாலை. வட சிலாங்கூருக்கு இது பொருந்தும். ஆனால் இங்கே மூன்றாவதாக ஒன்று இருந்தது. கிராமத்திலும் சேராத, நகரத்திலும் சேராத தோட்டம்.

லயத்தில் இருந்த நகரம்

தோட்டத்தைக் கிராமம் என்று நினைத்துக்கொள்கிறோம். பசுமையும் கோழியும் கோயிலும் இருந்ததால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அது திட்டமிட்டுக் கட்டிய ஒரு சிறு நகரம். மேட்டில் பெரிய துரை பங்களா. அதற்குக் கீழே சின்னத் துரை வீடு. பிறகு கிராணிமார் குவாட்டர்ஸ். எல்லாவற்றுக்கும் கீழே, ஓடைக்குப் பக்கத்தில், தொழிலாளர் லயங்கள். நடுவில் பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை, மருந்துக்கடை போலவே இருந்த ஓர் ஆஸ்பத்திரி, டிரசர். யார் எங்கே குடியிருக்கலாம், எந்த வழியாக நடக்கலாம் என்பதெல்லாம் அமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. இன்றைய நகரங்களில் வருமானத்தை வைத்து ஆட்கள் தனித்தனியாகப் பிரிந்து வாழ்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். தோட்டத்தில் அந்தப் பிரிவினையை வரைபடத்திலேயே போட்டுக் கட்டியிருந்தார்கள்.

1941இல் கிள்ளானில் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் கோல சிலாங்கூர் பக்கமும் பரவியது. சம்பள உயர்வும் கள்ளுக்கடை மூடலும் கோரிக்கையில் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையையோ கிராணியையோ கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்கிற வழக்கத்தை நிறுத்த வேண்டும். ஒரு பொதுவழியில் தன் வேகத்தில் போகிற உரிமை. நகர வாழ்க்கையின் முதல் உரிமை அதுதான் அல்லவா? அந்த வேலைநிறுத்தத்தை அடக்கப் பட்டாளம் வந்தது. அதை நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இந்தப் பகுதி ஏதோ மூலையில் கிடந்த இடம் என்றும் நினைக்க வேண்டாம். பத்தாங் பெர்ஜுந்தையைச் சுற்றி ஈயக் கப்பல்கள் மண்ணைக் குடைந்துகொண்டிருந்தன. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு அவை விட்டுச் சென்ற குளங்கள் இன்னும் கிடக்கின்றன. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமும் இங்கேதான். 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை நட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமாரம். நம் ‘தென்னைமரம்’தான் வெள்ளைக்காரர் வாயில் அப்படி ஆனது. ஃபொக்கோனியே பின்னாளில் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசு கிடைத்தது. நாட்டின் செம்பனை வரலாறு ஒரு தமிழ்ச் சொல்லில் தொடங்குகிறது என்பதை என் மகனுக்குச் சொன்னேன். “ஆனா அது கெலாப்பா மரமாச்சே, சாவிட் இல்லையே” என்றான். நியாயமான கேள்வி.

சரி, இந்தச் சிறு நகரத்தில் ஒன்றே ஒன்று குறைந்தது. வீடு யாருக்கும் சொந்தமில்லை. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போகும். வீட்டுக்கு வாடகை இல்லை, தண்ணீர் உண்டு, பிற்காலத்தில் மின்சாரமும் வந்தது. 1990இல் வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு விதி வகுத்தது. வேலையை விட்டு நின்றவர் அடுத்த மாதம் எங்கே படுப்பார் என்பது வேறு விஷயமாகவே இருந்தது. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் பிறந்து, கல்யாணம் பண்ணி, செத்தும் போயிருக்கும். ஆனால் அந்த முகவரியில் அவர்கள் விருந்தாளிகள்தான்.

1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலை லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தை மலேசியா வாங்கியது. அதிகாலைத் தாக்குதல் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. வெள்ளைக்காரன் கையிலிருந்த தோட்டங்கள் நம் நாட்டு நிறுவனங்களின் கைக்கு வந்தன. நாட்டுக்குப் பெருமையான நாள்தான். லயத்து வீட்டுச் சாவியின் நிலைமை மட்டும் மாறவில்லை.

ஏன் தோட்டத்தில் முதலில்?

கோலாலம்பூர், ஷா ஆலாம், சுங்கை பூலோ என்று நகரம் வடமேற்காக நகரும்போது அது எல்லா நிலத்தையும் ஒரே மாதிரி விழுங்கவில்லை. வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இது புரியும். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் நெல்வயல். அது நீர்ப்பாசனத் திட்டப் பகுதி, சிறு சிறு துண்டுகளாக ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கையில் இருக்கிறது. ஒரு வீடமைப்பு நிறுவனம் அங்கே ஒரு தாமான் கட்ட நினைத்தால் எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்குவது? கம்பங்களில் பல நிலம் மலாய் ஒதுக்கீடு. 1913ஆம் ஆண்டிலிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. உள்ளே ராஜா மூசா சதுப்புக் காடு, 1990இலிருந்து வன ஒதுக்கீடு. ஈயக் குளத்தின் மேல் வீடு கட்டுவது செலவு. மிச்சம் என்ன? தோட்டம். ஆயிரம் ஏக்கர் என்றாலும் ஒரே உரிமையாளர், ஒரே கிராண்ட். சமமான நிலம், ஏற்கெனவே சாலை போட்டது. விற்க ஒரு இயக்குநர் கூட்டம் போதும்.

நிலச் சட்டத்தில் இதற்குத் தடை எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற அதற்கென்று உள்ள வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற 124ஆம் பிரிவின் கீழ் மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆக, ஒரு தோட்டம் நகரமாவதற்கு முன் அரசாங்கத்தின் மேசைகளைக் கடந்துதான் போகிறது. அந்த மேசைகளில் இருக்கிற காகிதத்தில் நிலத்தின் பரப்பு இருக்கும், லாட் எண் இருக்கும். லயத்தில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்கிற கட்டம் அதில் முக்கியமான கட்டம் அல்ல.

நான் இதில் யாருடைய சதியையும் பார்க்கவில்லை. நகரம் எங்கே எளிதோ அங்கே வளர்கிறது. இந்த மாவட்டத்தில் எளிதாகக் கிடைத்த நிலத்தின் மேல் குடியிருந்தவர்கள் தமிழர்கள். வயல்காரரிடமும் கம்பத்துக்காரரிடமும் நிறுவனங்கள் பேரம் பேச வேண்டியிருந்தது. லயத்துக்காரரிடம் நோட்டீஸ் கொடுத்தால் போதுமாக இருந்தது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு காகிதம்.

இதற்கு முன்பே ஒரு புயல் அடித்திருந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுவிற்பனை செய்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் தாத்தாக்கள் சொல்வது அதைத்தான். அதற்கு மறுமொழியாகத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டித் தொழிலாளர்களே பங்குதாரர்களானார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. பலருடைய வேலையை அது காப்பாற்றியது. ஆனால் பங்குப் பத்திரம் வேறு, வீட்டுக் கிராண்ட் வேறு.

560 நாள் சம்பளம்

என் அப்பா பால்மரம் வெட்டினார். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். ரப்பர் மாதிரி தினமும் விடியற்காலையில் ஒவ்வொரு மரமாகத் தொட வேண்டியதில்லை. பாதி லயம் காலியானது. காலியான வீடுகளுக்கு இந்தோனேசியத் தொழிலாளர்களும் பிறகு வங்காளதேசிகளும் வந்தார்கள். 1999இல் நிலம் கைமாறி, மிச்சமிருந்தவர்களுக்கும் கடிதம் வந்தது. நான் அப்போது மூன்றாம் படிவம்.

கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கேள்விப்பட்டதோடு சரி. 1980ஆம் ஆண்டின் வேலை நீக்க நன்மைகள் விதிப்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒரு சேவை ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். அப்பாவுக்கு 28 ஆண்டு சேவை. 28ஐ 20ஆல் பெருக்கினால் 560 நாள். நாளுக்குப் பன்னிரண்டு வெள்ளி என்று வைத்தால் 6,720 வெள்ளி. அதற்கு முந்தைய ஆண்டு, 1998இல், மலிவு விலை வீட்டின் உச்ச விலையை 25,000 வெள்ளியிலிருந்து 42,000 வரை உயர்த்தியிருந்தார்கள். ஒரு மனிதனின் 28 ஆண்டு உழைப்புக்குச் சட்டம் கொடுத்த ஈடு, நாட்டிலேயே மலிவான வீட்டின் ஆறில் ஒரு பங்கு. மீதிக்கு வங்கிக் கடன் வாங்கலாம் என்பார்கள். ஐம்பது வயதுக்காரருக்கு, வேலை போனவருக்கு, நாட்கூலிச் சம்பளச் சீட்டைப் பார்த்து எந்த வங்கி கொடுக்கும்? சேமநிதிப் பணம்தான் கடைசியில் கை கொடுத்தது. அதுவும் அக்காவின் தொழிற்சாலைச் சம்பளச் சீட்டும் சேர்ந்து சுங்கை பூலோ பக்கம் ஒரு அடுக்குமாடியில் நான்காவது மாடி வீடு. மின்தூக்கி கிடையாது.

நகரத்துக்கு வந்துவிட்டோம் என்று நான் மட்டும் சந்தோஷப்பட்டேன். அம்மாவுக்கு முருங்கை மரம் இல்லை, ஆடு இல்லை. தோட்டத்தில் அம்மாவும் சம்பளக்காரிதான். அப்பாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர். இங்கே வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், கிடைத்தது குத்தகைத் துப்புரவு வேலை. பிள்ளைகள் கதை இன்னும் மோசம். லயத்தில் நான் ஒரு சிகரெட்டைத் தொட்டால் வீட்டுக்குப் போவதற்குள் பத்து அத்தைகள் வழியாக அம்மாவுக்குச் சேதி போய்விடும். அடுக்குமாடிப் படிக்கட்டில் யாருக்கு யாரும் அத்தை இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் நான்கு குடும்பம், ஐந்து குடும்பம் என்று உதிரியாக வந்தவர்கள். என் வகுப்புத் தோழர்கள் சிலர் குண்டர் கும்பலில் சேர்ந்ததற்குச் சினிமாவைக் குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு ஊரைக் கலைத்து நான்காவது மாடியில் கொட்டினால், கண்காணிக்கக் கண்கள் இல்லாத இடத்தை வேறு யாராவது நிரப்புவார்கள்.

அடுக்குமாடி கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கிடைக்காதவர்கள் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு போட்டார்கள். சிலாங்கூர் அரசு 2005க்குள் புறம்போக்கு வாசிகளே இல்லாத மாநிலம் என்று இலக்கு வைத்தபோது அந்தப் பலகை வீடுகளும் உடைபட்டன. பலர் ‘தற்காலிக’ நீண்ட வீடுகளுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். 2001 மார்ச் மாதம் பெட்டாலிங் ஜெயா பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானில் நடந்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. அது இனக் கலவரம் என்று பேசப்பட்டது. நெரிசலும் ஏழ்மையும் சேர்ந்த அந்த மாதிரிக் குடியிருப்புகளில் தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்கள் எவ்வளவு பேர் என்பதைப் பற்றிப் பேச்சு அவ்வளவாக எழவில்லை.

1970இல் மலேசிய இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர்தான் நகரவாசி. 2000இல் பத்தில் எட்டுப் பேர். ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பெரிய இடப்பெயர்ச்சி. இதில் தானாக விரும்பிப் போனவர்களும் உண்டு. பால் வெட்டிச் சாகாதே, படித்து வெளியே போ என்று அனுப்பிய அம்மாக்கள் ஏராளம். அதனால் எல்லாமே துரத்தல் என்று எழுதினால் பொய்யாகும். போக முடிந்தவன் போனான், போக முடியாதவனைப் போக வைத்தார்கள்.

திரும்பி வந்தவர்கள்

இப்போது கதையில் ஒரு திருப்பம். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை ஈஜோக்கிலிருந்து ரவாங் பக்கம் திறந்தது. அதற்கு முன்பே கத்ரி நெடுஞ்சாலை வந்திருந்தது. 2016 இறுதியில் சுங்கை பூலோவில் எம்ஆர்டி. யூஐடிஎம் வளாகம் புஞ்சாக் ஆலாமில், யூனிசெல் பெஸ்தாரி ஜெயாவில். கோல சிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021இல் நகராண்மைக் கழகமானது. கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீடு வாங்கலாம் என்கிற நிலை வந்தது. வாங்கியவர்களில் நானும் ஒருவன். என் தாமானில் மட்டும் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள்: ஆசிரியர், தாதி, பொறியாளர். அரட்டை நீண்டால் பாதிப் பேரின் தாத்தா பாட்டி இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டத்துக்காரர்கள் என்று தெரியவரும்.

பழைய தோட்டப் பெயர்கள் இப்போது விலை போகின்றன என்பது இன்னொரு வேடிக்கை. எல்மினா என்று ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. இன்று எல்மினா நகரம் என்றால் சிலாங்கூரின் பேர் பெற்ற குடியிருப்பு, விளம்பரத்தில் பூங்காவும் சைக்கிள் பாதையும். அப்பா காலத்தில் ‘நீ எந்தத் தோட்டம்?’ என்று கேட்டால் தலை குனிந்து சொன்ன பெயர்களை இன்று முகவரியில் பெருமையாக எழுதுகிறார்கள்.

ஆனால் வேலி இன்னும் இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. எங்கள் தாமானுக்குக் காவலர் கூண்டு உண்டு, அட்டை தட்டினால்தான் தடுப்புக் கம்பி தூக்கும். பஸ் இல்லை, கார் இல்லாதவருக்கு இது தீவு. வீடு கூட்டித் துடைக்க வருகிற அக்காமார்கள் இன்னும் எஞ்சியிருக்கிற லயங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். கூண்டில் அடையாளக் கார்டைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதில் ஒருவர் என் சொந்த அத்தை. அவரைப் பதிவு செய்யாமல் விடச் சொல்லி நான் போராடி வாங்கிய சலுகை, வாரம் ஒருமுறை காவலர் மாறும்போது காலாவதியாகிவிடும்.

குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் புகார் வந்தது: பின்பக்கத்துக் கோயிலில் திருவிழா ஒலிபெருக்கி தொந்தரவு, யாரிடம் சொல்லலாம்? அந்தக் கோயில் தோட்டக் காலத்துக் கோயில். எங்கள் வீடுகளைவிடப் பல பத்தாண்டு மூத்தது. புகார் போட்டவர் பெயர் தமிழ்ப் பெயர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, சின்னக் குழந்தை இருக்கிற வீடு. பேசிக் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தார்கள். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. கோயில் நிலம் இன்னும் கோயில் பெயரில் இல்லை. யாராவது விடாமல் மனுப் போட்டால் முதலில் எழுகிற கேள்வி ‘சத்தம் எவ்வளவு’ என்பதாக இருக்காது, ‘கிராண்ட் எங்கே’ என்பதாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடமும் அப்படியே. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 530ஐ எட்டவில்லை. இந்த வட்டாரத்துப் பள்ளிகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: ஹோப்ஃபுல், மேரி, நைஜல் கார்ட்னர், ரிவர்சைட், மிஞ்ஞாக். வெள்ளைக்காரர் வைத்த தோட்டப் பெயர்களைத் தாங்கி நிற்பவை இப்போது தமிழ்ப் பள்ளிகள்தான். இவற்றில் முழு உதவி பெறும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளி என்று இரண்டு வகை இருப்பது பெற்றோர்களுக்குத் தெரியும். வித்தியாசத்தின் வேர் பெரும்பாலும் நிலத்தில் இருக்கிறது. நிலம் அரசாங்கத்துடையது அல்ல என்றால், ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், கட்டடத்துக்குப் பள்ளி வாரியமும் நன்கொடையும். தோட்டம் கலைந்ததும் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். ஐந்து கிலோமீட்டரில் புதுத் தாமானில் பிள்ளைகள் குவிகிறார்கள், அங்கே தமிழ்ப்பள்ளி இல்லை. உரிமத்தை அங்கே மாற்றலாம். மாற்ற நிலம் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

பெஸ்தாரி ஜெயாவின் ஐந்து தோட்டங்களைப் பற்றிப் பத்திரிகை வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக். முன்னாள் தொழிலாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்த வீடு கேட்டுக் காத்திருந்தார்கள். அண்மைய ஆண்டுகளில்தான் அரசாங்கத்தின் வீடமைப்புத் திட்டம் ஒன்று அவர்களுக்காகப் பெஸ்தாரி ஜெயாவிலேயே அறிவிக்கப்பட்டது. எனக்கு அதில் பிடித்தது ‘பெஸ்தாரி ஜெயாவிலேயே’ என்பதுதான். அவர்களை உதிரியாகப் பிரித்து ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பவில்லை. அந்த ஐந்து தோட்டங்களில் ஒன்றில் இருந்த பெரியவர் ஒருவரைக் கடைத்தெருவில் சந்தித்தேன். வீடு வருவதில் சந்தோஷமா என்று கேட்டேன்.

“சந்தோசந்தான் தம்பி. ஆனா எழுபது வயசுல வீடு கெடச்சி, யாரு பேர்ல எழுதுறது? மகன் பேர்லன்னா மருமக ஒத்துக்கணும். என் பேர்லன்னா எத்தன வருசம்?” என்றார். பிறகு அவரே, “எதுக்கும் என் பேர் ஒரு தடவ அதுல வரணும்” என்றார்.

இளைய வாசகர்களுக்கு ஒரு சின்னத் தகவல், பாடமாக இல்லை, பயன்படும் என்பதால். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உள்ளூர்த் திட்ட வரைவு ஒன்று தயாராகும். எந்த நிலம் வீடு, எந்த நிலம் தொழில், எங்கே சாலை என்று அதில் இருக்கும். அது முடிவாகும் முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம், விசாரணையில் நேரில் பேசலாம். தோட்டத்து மக்கள் யாரும் இதைப் பார்க்கப் போனதில்லை, போகச் சொல்ல ஆளும் இல்லை. கணினியில் வரைபடம் படிக்கத் தெரிந்த, மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த அவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அதே வட்டாரத்தில் கேட் போட்ட வீடுகளில் இருக்கிறோம்.

சென்ற முறை வரைவு பார்வைக்கு வந்தபோது, தாமானிலிருந்து நாங்கள் நான்கு பேர் போனோம். ஒலிபெருக்கிப் புகார் போட்ட அந்த நண்பரும் வந்தார். அவர் நில அளவையாளர், வரைபடம் அவருக்குத்தான் சரியாகப் புரிந்தது. கோயில் நின்ற இடம் வரைபடத்தில் வெறும் குடியிருப்பு நிறத்தில் இருந்தது. பழைய மயானத்தின் மேல் எதிர்காலச் சாலை ஒன்று போனது. பள்ளி மட்டும் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தது. லாட் எண்களோடு மூன்று பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். முகப்பில் இருந்த பெண் வாங்கித் தேதி முத்திரை குத்தி நகலைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நகல் என் மேசை இழுப்பறையில், வீட்டுக் கடன் பத்திரத்துக்கு மேலே இருக்கிறது. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். அத்தையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மயானத்தில் எந்த மேடு யாருடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.